இசைத்தட்டும் மின்சார உறுமலும்

இசைத்தட்டைச் சுழலவிட்டு, முள்ளை அதன்மேல் வைக்கும் முன்னரே ஒலிபெருக்கியிலிருந்து 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல் எழுவதை உங்களுட் சிலர் கேட்டிருக்கலாம். பாடகர் மெல்ல ஆலாபனையைத் தொடங்கும்போது அது தம்பூராவோடு போட்டியிடும். இதற்காகத் தட்டைப் பழிப்பாரும் உண்டு. கருவியையே விற்றுவிடத் துணிவாரும் உண்டு. இவ்வுறுமலுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதனை அறிந்தவர்க்கு உறுமலைப் போக்கும் வழியும் எளிதிற் புலப்படும் என்பது என் கருத்து.

1877-இல் எடிசன் அமைத்த பேசும் பொறியில் இந்த உறுமல் இல்லை. 1887-இல் எமில் பெர்லினர் தட்டுக்கெனக் கண்ட கிராமபோனிலும் இல்லை. இருக்கவும் முடியாது; அவற்றில் மின்சாரமே இல்லையன்றோ! கையாலோ, பின்னர்ச் சாவி முறுக்கிய சுருள்வில்லாலோ பொறி சுழன்றது. முள்ளின் அதிர்ச்சி மெல்லிய தகடொன்றை அசைக்க, புனல் அவ்வொலியைப் பெருக்கிற்று. அரக்குத் தட்டு 'கரகர' என்றது உண்மைதான். ஆனால் அது தட்டின் குரல். நாம் தேடும் குற்றவாளி வேறு.

1925-இல் நிலைமை மாறியது. அமெரிக்காவில் மாக்ஸ்பீல்டு, ஹாரிசன் என்னும் அறிஞர்கள் வகுத்த மின்முறைப் பதிவை விக்டர், கொலம்பியா நிறுவனங்கள் மேற்கொண்டன. மின்சாரத்தாலேயே ஒலியைப் பெருக்கும் 'பானட்ரோப்' என்ற கருவியைப் பிரன்சுவிக் நிறுவனம் அதே ஆண்டில் வெளியிட்டது. இசையோடு மின்சாரமும் வீட்டுக் கூடத்தில் வந்து அமர்ந்தது.

வீட்டுக்கு வரும் மின்னோட்டம் திசை மாறிக்கொண்டே இருப்பது. நம் நாட்டில் வினாடிக்கு 50 சுற்று, அமெரிக்காவில் 60. இந்த எண்ணிக்கை காதுக்கு எட்டாததாக இருந்திருந்தால் தொல்லையே இல்லை. 50 சுற்று என்பது தாழ்ந்த சுருதியாகத் தெளிவாகக் கேட்கும். தொடக்கத்தில் வால்வுகளின் இழையை அம்மின்னோட்டத்தாற் சூடேற்றியபோது உறுமல் தாங்க முடியவில்லை. 1927-இல் வந்த 227 என்னும் வால்வில், சூடேற்றும் இழையை ஓர் உறைக்குள் வைத்து, மின்னணுக்களை உமிழும் வேலையை அவ்வுறையிடம் ஒப்படைத்தனர். மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்திய பின்னும் வினாடிக்கு 100 முறை எழும் அலை எஞ்சும். அதனை மின்தேக்கிகள் தணித்தன. சில ஒலிபெருக்கிகளில் உறுமலுக்கு எதிராக உறுமும் சிறு சுருள் ஒன்றையும் சேர்த்தனர். முள்ளை முள்ளால் எடுக்கும் இத்தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது.

பகை இத்தோடு அடங்கிவிடவில்லை. 1948-இல் கொலம்பியா நிறுவனம் நீண்டநேரம் ஓடும் வினைல் தட்டை வெளியிட்டது. தாழ்ந்த ஒலிகளை முழு வீச்சோடு பொறித்தால் பள்ளம் அகன்று, தட்டில் இடம் போதாது. ஆதலின் அவற்றைக் குறைத்துப் பொறித்து, கேட்கும்போது பெருக்கிக்கொள்வது வழக்கமாயிற்று. 1954-இல் அமெரிக்க இசைத்தட்டுத் தொழிலோர் சங்கம் அதற்கு ஒரே அளவை வகுத்தது. அவ்வளவின்படி 50 சுற்று ஒலி, 1000 சுற்று ஒலியைவிட ஏறத்தாழ 7 மடங்கு மிகுதியாகப் பெருக்கப்படுகிறது. நம் உறுமலும் அதே 50 அன்றோ! மேலும், காந்தப் பிக்கப் தருவது ஒரு வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கே. இத்துணை மெல்லிய குரலைப் பெருக்கும் கருவி, அருகில் நிற்கும் திருடனின் குரலையும் பெருக்கிவிடுகிறது.

இனித் தேடுவோம். ஒலியளவுக் குமிழைக் குறைத்த பின்னும் உறுமல் மாறாது நின்றால், ஐயம் பெருக்கியின் மீது. பெரும்பாலும் பழுதான மின்தேக்கியே காரணம். அதனைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுக. குமிழோடு சேர்ந்து உறுமலும் அடங்கினால் தட்டுப்பொறியின் பக்கம் திரும்புக. முள் தட்டில் படாதவாறு கையை உயர்த்தி, குறுக்கே மெல்ல நகர்த்துக. இடத்துக்கு இடம் உறுமல் மாறுமாயின், மோட்டாரின் அல்லது பெருக்கியிலுள்ள டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம் பிக்கப்பில் பாய்கிறது. பெருக்கியைச் சற்றுத் தள்ளி வைத்தாலே பலமுறை குணமாகும். ஒரு பக்க ஒலிபெருக்கி மட்டும் உறுமினால், பெருக்கியை நிறுத்திவிட்டு இடவலச் செருகிகளை மாற்றிப் பாருங்கள். உறுமலும் பக்கம் மாறினால் குறை தட்டுப்பொறியிலோ அதன் கம்பியிலோ உள்ளது.

எல்லாவற்றுக்கும் முன்பாகவே பார்க்க வேண்டியது, தட்டுப்பொறியிலிருந்து தனியே வரும் மெல்லிய எர்த் கம்பி. அது பெருக்கியின் பின்புறத் திருகில் இறுக்கப்பட்டிருக்க வேண்டும். கழன்று கிடக்கும் இக்கம்பியே பாதி வழக்குகளுக்குக் காரணம் என்பேன்.

சில வேளைகளில் கருவிகள் இரண்டு தனித்தனி வழியாக நிலத்தோடு இணைந்து, கம்பிகள் ஒரு வளையமாகி, அதன் வழியே உறுமல் புகும். எல்லாவற்றையும் ஒரே பலகையிற் செருகினால் பெரும்பாலும் தணியும். இதற்கு மாறாக, மூன்று முனைச் செருகியின் நீண்ட தடித்த முனையை வெட்டிவிடச் சொல்வாரும் உளர். உறுமல் நிற்கலாம். ஆனால் பெருக்கியினுள் ஒரு மின்கம்பி பிசகி உலோகப் பெட்டியைத் தொட்டால், 230 வோல்ட் வெளியேற வழியின்றி அங்கேயே நிற்கும். மெல்லிய எர்த் கம்பி அப்பெட்டியைத் தட்டுப்பொறியின் உலோகக் கையோடு இணைத்திருக்கிறது. தட்டை மாற்ற நீங்கள் விரலால் தொடுவது அந்தக் கையைத்தான்.