3ஜி ஏன் முதலில் செத்தது?

தலைமுறை என்றால் மூத்தவர் முதலில் போவார், அதுதானே முறை? இந்திய செல்போன் வரலாற்றில் அப்படி நடக்கவில்லை. 3ஜி போய்ச் சேர்ந்துவிட்டது. 2ஜி இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது.

1995 ஜூலை 31 அன்று ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். நாட்டின் முதல் செல்போன் அழைப்பு, அதுவே 2ஜிதான். 2010-ல் 3ஜி அலைக்கற்றை ஏலம் 34 நாள், 183 சுற்று நடந்தது. அரசுக்கு 67,000 கோடி ரூபாய்க்கு மேல் கிடைத்தது. அவ்வளவு கொட்டி வாங்கியதை 2019-ல் ஏர்டெல் மூடத் தொடங்கியது. எங்கே? அதே கொல்கத்தாவில்.

காரணம் எளிது. 3ஜி-யின் ஒரு தடத்துக்கு 5 மெகாஹெர்ட்ஸ் வேண்டும். 2ஜி-க்கு 200 கிலோஹெர்ட்ஸ் போதும், ஒரு ஓரத்தில் ஒதுங்கிக்கொள்ளும். டேட்டாவுக்கு 4ஜி வந்துவிட்டது, பேச்சுக்கு 2ஜி இருக்கிறது. நடுவில் இருந்தவருக்கு வேலையே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 4ஜி முழுக்க டேட்டாவுக்காகவே கட்டப்பட்டது. ஆரம்பத்தில் அழைப்பு வந்தால் போன் சத்தமில்லாமல் பழைய நெட்வொர்க்குக்கு இறங்கிப் பேசிவிட்டுத் திரும்பும். 2016-ல் வந்த ஜியோவுக்கு இறங்குவதற்குப் பழைய வீடே கிடையாது. அதனால்தான் குரலையும் டேட்டாவாக அனுப்பும் வோல்ட்டியை நம்பியது. 2022-ல் ஏர்டெல் கொண்டுவந்த 5ஜி-யும் 4ஜி-யின் தோளில் ஏறித்தான் வந்தது. புதுசு எப்பவும் பழசு மேலதான் நிக்குது.

அமெரிக்காவில் ஏடி அண்ட் டி 2017 தொடக்கத்தில் 2ஜி-யை மூடியது, 2022-ல் 3ஜி-யை. அங்கே வரிசை மாறவில்லை. இங்கே மாறியதற்குக் காரணம் எங்க அப்பத்தா மாதிரி ஆட்கள். அவரிடம் இருப்பது பட்டன் போன். ஒருதரம் சார்ஜ் போட்டால் நாலு நாள் ஓடும்.

2020-ல் முகேஷ் அம்பானி, 30 கோடிப் பேர் 2ஜி-யில் சிக்கியிருக்கிறார்கள், அதை வரலாறாக்க வேண்டும் என்றார். சிக்கியிருக்கிறார்கள் என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. பேங்க் ஓடிபி-யும் பேரனின் குரலும் அந்த வழியாகத்தான் வருகின்றன. 2ஜி-யை ஒருநாள் மூடத்தான் வேண்டும். ஆனா அதுக்கு முன்னாடி, அப்பத்தா கைக்கு வேற போன் வந்திருக்கணும்.