இரும்பைக் காத்த இலையும் பட்டையும்



இரும்பைத் தின்பது துரு. அது தின்றதற்குக் கணக்கெழுதுவது எமது பிழைப்பு. இருப்புப்பாதைப் பண்டகசாலையில் ஆண்டுதோறும் தகடுகளும் திருகாணிகளும் ‘துருவால் கழிந்தவை’ என்ற பத்தியில் ஏறிய வண்ணம் இருக்கின்றன. மெட்ரிக்குலேஷன் வரை மட்டுமே பயின்ற எமக்கு இரசாயனம் எட்டாக்கனி. எனினும் இருபதாண்டு இப்பத்தியை நிரப்பிய கை, இதற்கு மாற்று உண்டா எனத் தேடத் தூண்டிற்று. தேடிக் கண்ட சிறு வரலாற்றை நம் குடியிருப்புக் குடும்பங்களின்முன் வைக்கின்றோம்.

உருக்காலையிலே பழுக்கக் காய்ச்சி உருட்டிய தகட்டின்மேல் கருஞ்செதில் படியும். அதனை அகற்றத் தகட்டை அமிலத் தொட்டியில் முக்குவர். செதிலைக் கரைத்த அமிலம் அத்துடன் அமையாது, நல்லிரும்பையும் அரிக்கும். இரும்பும் வீண், அமிலமும் வீண், எழும் ஆவியோ தொழிலாளியின் நெஞ்சுக்குப் பகை.

இந்த அரிப்பைத் தடுக்க முதலில் உதவியவை எளிய பொருள்களே. 1872-இல் மாரங்கோனி, ஸ்டெபனெல்லி என்னும் இருவர், தவிட்டுச் சாறும் வச்சிரப் பசையும் அமிலத்தில் கலந்தால் இரும்பின் அரிப்புக் குறைவதைக் கண்டனர். 1895-இல் பால்ட்வின் என்பவர், சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகையும் தாவர எண்ணெயையும் இதற்குப் பயன்படுத்தும் முறைக்குப் பிரிட்டிஷ் காப்புரிமை பெற்றார். 1930-ஆம் ஆண்டளவில் செலண்டைன் என்னும் ஐரோப்பியச் செடி முதலியவற்றின் உலர்ந்த தண்டு, இலை, விதை ஆகியவற்றின் சாறு கந்தக அமிலத் தொட்டிகளில் இடம்பெற்றது.

இஃது எவ்வாறு நிகழ்கிறது? இலையிலும் பட்டையிலும் உள்ள சில பொருள்களின் மூலக்கூறுகளில் நைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் உள்ளன. அவற்றின் வழியே அம்மூலக்கூறுகள் இரும்பின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு மெல்லிய போர்வையாகின்றன. அமிலம் அப்போர்வையைக் கடந்து இரும்பைத் தொடுவது அரிதாகிறது.

துவர்ப்புப் பொருளான டானினின் செயல் இன்னும் வியப்புக்குரியது. அது துருவோடு கூடிக் கருநீலப் படலமாக மாறும். நம் முன்னோர் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து மை காய்ச்சினரன்றோ? அம்மையின் கருமையும் இதுவே! நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில், பிரெஞ்சு இரயில்வேப் பொறியாளர் லூயி அர்மான் வகுத்த கொதிகலன் நீர்ப்பக்குவ முறையிலும் டானின் சேர்க்கப்பட்டது. எழுத்தர் தொட்டெழுதிய மைக்கும் எஞ்சினைக் காத்த மருந்துக்கும் உள்ள இவ்வுறவை அறிந்தபோது எமக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சிறிதன்று.

பின்னர்க் குரோமேட்டு முதலிய இரசாயனங்கள் வந்தன. அவற்றின் ஆற்றல் பெரிது, நஞ்சும் பெரிது. குரோமேட்டில் உள்ள அறுமதிப்புக் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது. கழிவுநீரோடு கலந்தால் கிணற்றையும் கெடுக்கும். ஆகவே ஆய்வாளர் மீண்டும் செடிகொடியை நாடினர். 1981-இல் ஸ்ரீவாஸ்தவா என்னும் பெயருடைய இருவர், புகையிலை, கருமிளகு, ஆமணக்கு விதை முதலியன அமிலத்தில் எஃகைக் காப்பதைக் காட்டினர். மறு ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வு கற்றாழையையும், மாம்பழம், ஆரஞ்சு ஆகியவற்றின் தோலையும் சோதித்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இதெல்லாம் நம் முன்னோர் அன்றே அறிந்தது’ என மார்தட்டுதல் தகாது. உருக்குச் செய்யும் மூசையிலே ஆவாரங் குச்சியும் எருக்க இலையும் இடுவதை 1830-களில் தென்னாட்டில் இரும்பாலை நடத்திய ஹீத் என்பவர் எழுதியுள்ளார். அது மெய்யான பெருமை. ஆயினும் அவ்விலை இரும்புக்குக் கரியூட்டவே பயன்பட்டது, துருவைத் தடுக்கவன்று. உள்ள பெருமையே போதும். இல்லாததைச் சேர்த்தால் உள்ளதும் ஒளி மங்கும்.

இன்று நாம் பெருமை கொள்ளத்தக்கது காரைக்குடியிலே உள்ளது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948-இல் அடிக்கல் நாட்டப்பெற்று, 1953-இல் திறக்கப்பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், உலோக அரிமானத்தை ஆராயும் கூடங்களில் ஒன்றாகத் திகழ்கிறது.

குறைகளையும் மறைத்தலாகாது. சாறு நாட்பட்டால் கெடும். ஒரே செடியின் சாறும் மண்ணுக்கும் பருவத்துக்கும் ஏற்ப மாறும். வெப்பம் மிகுந்தால் பலவற்றின் காப்பு நெகிழும். குடுவையில் வென்ற சாறு தொழிற்சாலையிலும் வெல்ல இன்னும் உழைப்பு வேண்டும்.

அவ்வுழைப்புக்கு நம் குடியிருப்புப் பிள்ளைகளே உரியவர். மாம்பழத் தோலைக் குப்பையில் எறியுமுன் ஒரு கணம் அதனை நோக்குங்கள் என அவர்களிடம் சொல்லுவோம். அவர்களுள் ஒருவர் முயற்சியால், எமக்குப்பின் அந்நாற்காலியில் அமரும் எழுத்தர்க்குத் ‘துருவால் கழிந்தவை’ என்னும் பத்தியில் எழுத வேண்டியது குறையுமாயின், அதனினும் மேலான சங்கத் தொண்டு வேறில்லை.

வாழ்க தமிழ்! வளர்க அறிவியல்!