கூழும் சேஷ்டபுத்திரபாகமும்: சிங்கப்பூர்த் தமிழ்க் கிறித்தவர் வரலாற்றிலிருந்து ஒரு கேள்வி

விவிலியத்தின் முதல் நூலாகிய ஆதியாகமம் ஒரு பசியின் கதையைச் சொல்கிறது. வேட்டையாடிக் களைத்து வந்த ஏசா, தம்பி யாக்கோபு சமைத்து வைத்திருந்த உணவைக் கண்டான். அதற்கு விலையாக, மூத்த மகனுக்குரிய உரிமையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு உண்டு எழுந்து போனான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு அவ்வுரிமையைச் 'சேஷ்டபுத்திரபாகம்' என்றும், அவ்வுணவைக் 'கூழ்' என்றும் குறிக்கிறது. முன்னது உபதேசியார் விளக்கினால் மட்டுமே விளங்கும் வடசொல். பின்னதோ தமிழகத்தின் எந்தக் குடிசையிலும் விளக்கம் வேண்டாத சொல். இம்மையின் இச்சையைவிட ஆவிக்குரிய ஆசி பெரிது என்பதற்குத் திருச்சபைகள் நெடுங்காலமாக எடுத்துக்காட்டி வந்துள்ள கதை இது. ஆயினும் கூழ் என்னும் சொல்லைக் கேட்ட தமிழ் உழைப்பாளி, ஏசாவை எளிதில் இகழ்ந்திருப்பானா என்பது நம்முள் எழும் ஐயம். கூழுக்காகவே கடல் கடந்தவனிடம் கூழைச் சிறிதென்று சொல்வது எங்ஙனம்? சிங்கப்பூரின் வரலாற்றில் இக்கேள்விக்கு விடை தேடுவது நாம் மேற்கொள்ளும் முயற்சி.

1819ஆம் ஆண்டில் ராஃபிள்ஸுடன் நாராயண பிள்ளை வந்திறங்கியது முதல் இத்தீவில் தமிழரின் வருகை தொடர்ந்தது. வணிகர், துறைமுகக் கூலிகள், சிராங்கூன் சாலையை ஒட்டிய மாட்டுக் கொட்டில்களிலும் சுண்ணாம்புக் காளவாய்களிலும் உழைத்தோர் எனப் பலர் வந்தனர். தம் விருப்பின்றி வந்தோரும் இருந்தனர். 1825 முதல் இந்தியாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட கைதிகள் இங்கே குடியமர்த்தப்பட்டனர். சாலை வெட்டுவதும் சதுப்பு நிலம் நிரப்புவதும் கட்டடம் எழுப்புவதும் அவர்கள் தலையில் விழுந்தன.

நகரின் நடுவே வெண்மையாக நிற்கும் புனித அந்திரேயா பேராலயம் அவர்கள் எழுப்பியது. 1856இல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1862இல் அது அர்ச்சிக்கப்பட்டது. வரைந்தவர் ரொனால்ட் மெக்பர்சன் என்னும் படைப் பொறியாளர். அதன் சுவர்ப்பூச்சு நம் கவனத்திற்கு உரியது. 'மதராஸ் சுண்ணம்' எனப் பெயர் பெற்ற அப்பூச்சு, கிளிஞ்சல் சுண்ணாம்போடு முட்டையின் வெண்கருவையும் சர்க்கரையையும் சேர்த்துப் பசையாக அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீர் விட்டுக் குழைத்து ஆக்கப்படுவது. சுவரில் பூசி உலர்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவர். தென்னாட்டுக் கொத்தர்களின் கைப்பழக்கம் அதில் முழுமையாக வெளிப்பட்டது. முட்டையும் சர்க்கரையும் ஒரு கைதியின் தட்டில் எத்தனை முறை விழுந்திருக்கும் என்று நாம் எண்ணிப் பார்க்கலாம். தம் வாய்க்கு எட்டாதவற்றைக் குழைத்து அவர்கள் இறைவனின் வீட்டுச் சுவரில் பூசினார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அச்சமயத்தைச் சார்ந்தவரும் அல்லர். இதனை இம்மையைத் துறந்த செயல் என்று போற்றுவது வரலாற்றுக்குப் பொருந்தாது. பிறர் பறித்துக்கொண்டதைத் துறவு என்று அழைக்கலாகாது. நிலையான செல்வத்தைப் பற்றிய போதனை எங்கெல்லாம் பசித்தவனை மட்டும் நோக்கிச் சொல்லப்படுகிறதோ, அங்கெல்லாம் சொல்பவர் யார், அவர் இழந்தது யாது என்று கேட்பது மாணவர்க்குரிய கடமை.

அவ்வாறு கேட்கும்போது, இழப்பதற்குப் பொருளும் பதவியும் உடையவராய் இருந்து அவற்றை இழந்தோரின் வாழ்வு தனி மதிப்புப் பெறுகிறது. நட்டாலத்தில் 1712இல் பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரின் அரண்மனைப் பணியாளர். குளச்சல் போரில் 1741இல் பிடிபட்டுப் பின்னர் மன்னரின் படைத்தலைவரான, டச்சுப் படையைச் சேர்ந்த டி லனாயின் நட்பினால் கிறித்தவத்தை அறிந்தார். 1745இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749இல் சிறைப்பட்டார். 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15ஆம் நாள் ரோமாபுரியில் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டபோது, உலகெங்கும் உள்ள தமிழ்க் கத்தோலிக்கர் அதனைத் தம் குடும்ப விழாவாகக் கொண்டாடினர். பதவியும் குலமதிப்பும் அவர் கையில் இருந்தன என்பதே அவருடைய தெரிவுக்கு எடை தருகிறது.

பலியாகாமலும் இத்தகைய தெரிவு நிகழ்ந்ததுண்டு. திருநெல்வேலி வட்டாரத்தில் வைணவக் குடியில் 1827இல் பிறந்த எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, 1858இல் கிறித்தவரானார். அதன்பின்னரும் கம்பனில் தோய்ந்த தம் புலமையை அவர் விட்டுவிடவில்லை. ஜான் பன்யனின் ஆங்கில நூலைத் தழுவி அவர் இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894இல் வெளிவந்தது. பன்யனின் மூலநூலில் இரு சிறுவர் வருகின்றனர். ஒருவன் தன் செல்வத்தை இன்றே வேண்டுமென்று பெற்று, விரைவில் கந்தலோடு நிற்கிறான். மற்றவன் காத்திருக்கிறான். மனச்சான்றுக்காகப் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் வாடியவர் பன்யன் என்பதால், காத்திருத்தல் பற்றி எழுதும் தகுதி அவருக்கு உண்டென்றே கருதுகிறோம். கிருஷ்ண பிள்ளையைப் பொறுத்தவரை, தமிழ் மரபு இக்கருத்துக்கு முன்பே நிலம் பண்படுத்தி வைத்திருந்தது. அருளை மறுவுலகுக்கும் பொருளை இவ்வுலகுக்கும் இன்றியமையாதவையாக இணைத்துப் பேசிய வள்ளுவர், அருளைச் செல்வங்களுள் தலையாயதாக வைத்தாரேயன்றிப் பொருளை இகழவில்லை. தமிழ்க் கிறித்தவர் ஏசாவின் கதையைப் படித்தபோது வள்ளுவரின் இந்நடுநிலையும் அவர்களுக்குத் துணை நின்றிருக்க வேண்டும்.

இனி மீண்டும் சிங்கப்பூருக்கு வருவோம். லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் உள்ளது ஷார்ட் ஸ்திரீட். பெயருக்கேற்பச் சிறிய தெரு. ஆஸ்திரேலியாவின் கோல்பர்ன் நகரில் பிறந்த சோபியா பிளாக்மோர், மெதடிஸ்ட் திருச்சபையின் பெண் ஊழியராக 1887 சூலையில் இங்கு வந்தார். அடுத்த மாதமே, ஆகஸ்டு 15ஆம் நாள், அத்தெருவின் ஒரு கடைவீட்டில் பள்ளி தொடங்கினார். முதல் மாணவியர் ஒன்பதின்மர். அனைவரும் இந்தியச் சிறுமியர். தம் மகளிர்க்குக் கல்வி வேண்டிய இந்திய வணிகர்கள் அதற்குத் துணை நின்றனர். பள்ளியின் முதற்பெயரே தமிழ்ப் பெண்கள் பள்ளி என்பதுதான்.

வீட்டில் தம்பியரைப் பார்த்துக்கொள்ளவும் அடுப்படிக்கும் உதவும் பெண்பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவதால் அன்றைய குடும்பத்திற்கு உடனடி ஆதாயம் யாதுமில்லை; இழப்பே உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு நன்மையை நம்பிக் கண்முன் உள்ள உதவியை விட்டுக்கொடுத்தவர்கள் அவ்வொன்பது வீட்டாரும். பிளாக்மோரும் சில ஆண்டுப் பணியென்று வந்து திரும்பியவர் அல்லர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இங்கே பணியாற்றி 1928இல்தான் தாயகம் திரும்பினார். வான்வீட்டைப் பற்றிப் பேசியவர் அடுத்தவர் பிள்ளைக்கு எழுத்தும் கற்றுக்கொடுத்தார் என்பதைக் கருதும்போது, முன்னர் நாம் எழுப்பிய கேள்விக்கு ஒருவகை விடை கிடைக்கிறது. கூழை இகழாமலேயே அவர் உரிமையைப் பற்றிப் பேசினார்.

ஆனால் இவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மெதடிஸ்ட் பெண்கள் பள்ளி என்று இன்று அறியப்படும் அந்நிறுவனம் ஆங்கிலவழிப் பள்ளி. அதன் தொடக்கப் பெயரில் தமிழ் இருந்ததை அறிந்தோர் நம்மிடையே எத்தனை பேர்? ஆங்கிலம் வேலை தந்தது, சம்பளம் தந்தது. பெற்றோர் அதனைத் தேர்ந்தார்கள். அவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. எனினும் தாய்மொழி மூத்த மகனுக்குரிய பாகம் போன்றது. அதனை எவரும் சந்தையில் கூவி விற்பதில்லை. பசி மிகுந்த ஒரு மாலைப்பொழுதில் அது கைமாறிவிடுகிறது. யாக்கோபின் சூழ்ச்சியைப் பற்றிப் பேசுவோர், ஏசாவின் பசியைப் பற்றியும் பேச வேண்டும் என்பது எம் கருத்து.

வழிபாட்டு மேடைகள் சற்று வேறு வழியில் சென்றன. ஓஃபிர் சாலையில் உள்ள லூர்து அன்னை ஆலயம், தமிழ்க் கத்தோலிக்கருக்கென்றே எழுப்பப்பட்டது. அதற்குமுன் அவர்கள் குவீன் ஸ்திரீட்டில் உள்ள புனித பேதுரு பவுல் ஆலயத்தில் சீனக் கத்தோலிக்கரோடு இணைந்து வழிபட்டனர். பிரெஞ்சுக் குருவாகிய மெனுவ்ரியே பொறுப்பேற்று நடத்த, 1886இல் அடிக்கல் இடப்பட்டு 1888இல் ஆலயம் நிறைவுற்றது. பிரான்சின் லூர்து நகர்ப் பேராலயத்தை மாதிரியாகக் கொண்டு அது அமைந்தது. காட்சி நிகழ்ந்ததாகக் கருதப்படும் 1858க்கு முப்பது ஆண்டுகளுக்குள், கடலுக்கு அப்பால் தமிழர் வாழும் ஒரு தீவில் அதன் நிழல் எழுந்தது வியப்புக்குரியது. 2005இல் அது தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. காலப்போக்கில் எல்லா மொழியினர்க்கும் உரிய பங்காக அது விரிந்தது. தமிழ்த் திருப்பலி மட்டும் நிற்கவில்லை. அங்கே ஞாயிறுதோறும் தமிழ் ஒலிக்கிறது. வார விடுமுறையில் வரும் தமிழகத் தொழிலாளர்கள் அப்பீடத்தின்முன் முழங்காலிடும்போது, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணமும் மகளின் படிப்பும் தாயின் மருந்தும் அவர்களுடைய மன்றாட்டில் இடம்பெறுகின்றன. அவற்றைக் கேட்டுமுடித்த அதே வாயால், அன்றன்றைய அப்பத்தையும் விண்ணரசையும் ஒருங்கே வேண்டும் கர்த்தர் கற்பித்த செபத்தையும் அவர்கள் தமிழில் சொல்கிறார்கள்.