மலையேற்றப் பயிற்சிக்கு ஊர்ப் பணம்... கேட்பது எப்படி, கணக்கு காட்டுவது எப்படி?

"மலை ஏறிப் பழகுறதுக்கெல்லாமா ஊர்ல வசூல் பண்ணுவாங்க?" நீங்கள் கிளம்பிய முதல் நாளே யாராவது இப்படிக் கேட்பார்கள். படிப்புக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் யோசிக்காமல் கொடுப்பவர்களுக்குக்கூட, சாகசப் பயிற்சி என்பது வசதியானவர்களின் பொழுதுபோக்காகத்தான் தெரிகிறது. அதனால், பதிலைக் கையில் வைத்துக்கொண்டு வீதியில் இறங்குங்கள்.

என்ன பயிற்சி இது?

டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1954-ல் தொடங்கப்பட்டது. எவரெஸ்ட் புகழ் டென்சிங் நார்கே அங்கே பயிற்சி கொடுத்தார். உத்தரகாசியில் இருக்கும் நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனம் 1965-ல் வந்தது. எவரெஸ்ட் தொட்ட முதல் இந்தியப் பெண்ணான பச்சேந்திரி பால் பயின்ற இடம் அது. அடிப்படைப் பயிற்சி ஏறக்குறைய 4 வாரம். பாறை ஏறுவது, கயிறு முடிச்சுகள், பனிக்கோடரியைப் பிடித்துப் பனிமலையில் நடப்பது எல்லாம் சொல்லித்தருவார்கள்.

2023-ல் எவரெஸ்ட் ஏறிய விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் அரசு உதவி, நன்கொடை என்று திரட்டித்தான் கிளம்பினார். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

முதலில் செலவைக் குறையுங்கள்

கல்லூரியில் என்.சி.சி-யில் இருக்கிறீர்களா? மாணவர்களை இந்த நிறுவனங்களுக்கு என்.சி.சி-யே தேர்ந்தெடுத்து அனுப்புவது உண்டு. உங்கள் அதிகாரியிடம் கேட்டுவிட்டு, அது கிடைக்காவிட்டால் மட்டும் வசூலில் இறங்குங்கள். கயிறு, பனிக்கோடரி போன்ற கருவிகளைப் பெரும்பாலும் நிறுவனமே தரும். 'எல்லாம் வாங்கணும்' என்று பட்ஜெட்டை ஏற்றிவிடாதீர்கள்.

ஒரே பக்கத்தில் பட்ஜெட்

கட்டணம், ரயில் டிக்கெட், மருத்துவப் பரிசோதனை, இன்ஷூரன்ஸ், கம்பளி உடை, வழிச் செலவு. ஒவ்வொன்றுக்கும் எதிரே தொகை. கட்டணத்தை நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்தே எழுதுங்கள். இன்ஷூரன்ஸை மட்டும் வெட்டாதீர்கள். 2022 அக்டோபரில் உத்தரகாசி மலையில் ஏற்பட்ட பனிச்சரிவில், மேல்நிலைப் பயிற்சிக்குப் போனவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதை வீட்டிலும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இப்படிக் கேளுங்கள்

"மொத்தமா இவ்ளோ வேணும்" என்றால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். "அண்ணாச்சி, டேராடூன் வரைக்கும் ரயில் டிக்கெட் நீங்க எடுத்துத் தர முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். கொடுப்பவருக்கும் தன் பணம் எங்கே போனது என்று தெரியும். பழைய மாணவர் சங்கம், வணிகர் சங்கம், ரோட்டரி, லயன்ஸ் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரே ஒரு செலவை மட்டும் வையுங்கள். கட்டணத்தை நிறுவனத்துக்கு நேரடியாகக் கட்டச் சொல்லி, ரசீதை வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. திருவிழாவில் சுண்டல் கடை, பழைய பேப்பர் சேகரிப்பு என்று உங்கள் உழைப்பும் சேரட்டும்.

மொய் நோட்டு போல கணக்கு

புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி மாதம் மொய்விருந்து நடக்கும். நோட்டில் ஒரு பெயர்கூட விடுபடாது. அந்தக் கறார் உங்கள் கணக்கிலும் இருக்கட்டும். ஆனால், மொய் என்பது திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நீங்கள் கேட்பது கடனா, நன்கொடையா என்று முதலிலேயே பேசிவிடுங்கள். இல்லையென்றால் நாளை மனக்கசப்புதான்.

வரியையும் கவனியுங்கள். உறவினர் அல்லாதவர்கள் தரும் பணம் ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாயைத் தாண்டினால், மொத்தத் தொகையும் உங்கள் வருமானமாகக் கணக்கிடப்படும். தனிநபருக்குக் கொடுக்கும் நன்கொடைக்கு 80ஜி வரிச்சலுகையும் கிடையாது. பெரிய தொகை தருபவர், அந்தச் சலுகை பெற்ற அறக்கட்டளை வழியாகத் தர முடியுமா என்று ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

திரும்பி வரும் உரிமை

எல்லாவற்றையும்விட முக்கியம் இதுதான். சுமார் 2,500 மீட்டருக்கு மேல் போனால் யாருக்கும் உயர நோய் வரலாம். தலைவலி, வாந்தி, தள்ளாட்டம் என்றால் பயிற்சியாளரிடம் உடனே சொல்லி, இறங்கச் சொன்னால் இறங்கிவிட வேண்டும். 'ஊரே காசு போட்டிருக்கே, எப்படிப் பாதியில போறது?' என்று மறைத்தால் உயிருக்கே ஆபத்து. எனவே, "உச்சியைத் தொடுவேன்" என்று யாரிடமும் வாக்குக் கொடுக்காதீர்கள். "கத்துக்கிட்டு வர்றேன். முடியலைன்னா இறங்கிடுவேன்" என்று பணம் வாங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குச் சம்மதிப்பவரின் பணம் மட்டும் போதும்.

வந்த பிறகு வரவு செலவை எழுதி ஒட்டுங்கள். மிச்சம் இருந்தால் திருப்பிக் கொடுங்கள். உள்ளூர்ப் பள்ளியில் ஒரு நாள் முடிச்சுகளும் முதலுதவியும் சொல்லிக்கொடுங்கள். அடுத்த வருடம் இன்னொரு பிள்ளை கேட்டு வரும்போது ஊர் யோசிக்காமல் கொடுக்கும்.