புத்தர் எங்கே சொன்னார்?

பத்மநாபபுரத்தில் புத்த பூர்ணிமா கூட்டத்துக்குத் தட்டி எழுதிக்கொண்டிருந்தோம். யார் சொன்னாலும் நம்பாதே, உன் பகுத்தறிவுக்கு ஒத்துவந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்று புத்தர் சொன்னதாக வாட்ஸ்அப்பில் சுற்றுமே, அதுதான். “அண்ணே, இது எந்தச் சுத்தத்துல வருது?” என்று கல்லூரித் தம்பி ஒருவர் கேட்டார். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. தூரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தேடினோம்.

வேர் அங்குத்தர நிகாயத்தில் இருக்கிறது. ஊருக்கு வரும் ஒவ்வொரு துறவியும் தன் கொள்கையை உயர்த்தி மற்றதைத் தாழ்த்துகிறார், யாரை நம்புவது என்று காலாமர்கள் புத்தரிடம் கேட்கிறார்கள். கேள்விப்பட்டது, பரம்பரை வழக்கம், மறைநூல் என்று பத்துக் காரணங்களைச் சொல்லி, இவற்றுக்காக மட்டும் எதையும் ஏற்காதீர்கள் என்கிறார் அவர். வெறும் தர்க்கமும் அந்தப் பத்தில் ஒன்று! கடைசிக் காரணம், சொன்னவர் நம் குரு என்பது. பேராசையிலும் வெறுப்பிலும் மயக்கத்திலும் பிறந்து துன்பம் தருவது எது, அறிவுடையோர் பழிப்பது எது என்று நீங்களே அறிந்து கைவிடுங்கள் என்பதே அவர் தரும் அளவுகோல்.

ஆக, எங்கள் தட்டியில் இருந்தது பாதி உண்மைதான். அதன் கீழே புத்தர் பெயரைப் போட்டு மற்றவர் வாயை அடைக்க நினைத்தோமே, அது அந்தப் பத்தாவதிலேயே அடிபட்டுப் போகிறது.

அண்ணல் அம்பேத்கர் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தார். 1957இல், அவர் மறைவுக்குப் பின் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில், எழுத்தில் ஏறாமல் பாணகர்களின் மனப்பாடத்தில் வாழ்ந்த போதனை எப்படித் திரிந்தது என்று விளக்குகிறார். புத்தர் உயிரோடிருக்கும்போதே அவர் பேச்சு திரிக்கப்பட்டதற்கு ஐந்து சுத்தங்களைச் சான்று காட்டுகிறார். உரைகல்லாக முதலில் பகுத்தறிவைத்தான் வைக்கிறார். ஆனால் அது கையில் இருக்கும் வசனங்களைச் சலிப்பதற்கு. பிடித்ததையெல்லாம் புத்தர் வாயில் போடுவதற்கு அல்ல. மகாபரிநிப்பான சுத்தத்திலும் வழி இருக்கிறது: புத்தரிடமே நேரில் கேட்டேன் என்று ஒரு பிக்கு சொன்னாலும் உடனே ஏற்கவும் வேண்டாம், தள்ளவும் வேண்டாம், சுத்தத்தோடும் விநயத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம் மாவட்டத்து வரலாற்றுக்கும் இந்தச் சோதனை தேவை. 1859இல் தோள்சீலை உரிமை கிடைத்தது என்று மேடைதோறும் பேசுகிறோம். மேல்சாதிப் பெண்கள் உடுத்துவதுபோல் உடுத்தக் கூடாது என்ற தடையும் திருவிதாங்கூர் அரசின் அதே ஆணையில்தான் இருந்தது. அரைகுறை நினைவு அந்தத் தடையை விழுங்கிவிட்டது. அரசனுக்கு நல்ல பெயர் மிஞ்சியது.

போலி மேற்கோள் ஒன்று சிக்கினால் போதும், நாம் சொல்லும் மெய்யானதையும் சேர்த்துப் பொய் என்பார்கள். மெய்யானதோ இன்னும் கூர்மையாக இருக்கிறது. சாவத்தியில் பிச்சைக்கு வந்த புத்தரை, வசலனே அங்கேயே நில் என்று விரட்டுகிறார் அக்கிக பாரத்துவாசர் என்ற பார்ப்பனர். பிறப்பால் ஒருவர் இழிந்தவருமில்லை, பிராமணருமில்லை, செயலால்தான் என்று புத்தர் பதில் சொல்கிறார். சண்டாளர் மகனான மாதங்கரை எடுத்துக்காட்டுகிறார். இது சுத்த நிபாதத்தில், வசல சுத்தத்தில் இருக்கிறது.

பழைய எழுத்தின் மேல் வெள்ளையடித்துவிட்டு இதைத்தான் எழுதினோம். சுத்தத்தின் பெயரைப் பொடி எழுத்தில் கீழே சேர்த்தது அந்தத் தம்பி.