ஆறு மாதக் கணக்கு

கணவன் மனைவி சண்டைக்குக் கவுன்சலிங் போவது இப்போது வந்த பழக்கம் என்று எங்கள் ஆவடி நண்பர்கள் சொல்வார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு 1792 நினைவுக்கு வரும். அந்த ஆண்டு செப்டம்பர் 20-ல் பிரான்ஸின் புரட்சி அரசு விவாகரத்துச் சட்டம் கொண்டுவந்தது. மனம் ஒத்துப்போகவில்லை என்று ஒருவர் சொன்னால், உறவினரும் நண்பர்களும் அடங்கிய குடும்ப சபை முன் மூன்று முறை நிற்க வேண்டும். முதல் கூட்டம் ஒரு மாதம் கழித்து, அடுத்தது இரண்டு மாதம் கழித்து, கடைசி மூன்று மாதம் கழித்து. ஆக ஆறு மாதம்.

நம் இந்து திருமணச் சட்டத்தில் 1976-ல் சேர்ந்த 13-பி பிரிவிலும் அதே ஆறு மாதம்தான்! பரஸ்பர சம்மதத்துடன் மனு போட்டவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த நாட்களில் யாரோடு உட்கார்ந்து பேசுவது என்று அந்தப் பிரிவில் இல்லை. ஊரில் தாய்மாமன் இருந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கும் ஆவடி டாங்க் தொழிற்சாலைக்கும் பிழைக்க வந்து ஷிப்ட் வேலை பார்த்தவர்களுக்கு யார் இருந்தார்கள்? மாமனும் பெரும்பாலும் ஒரு பக்கம்தான் பேசுவார், அது வேறு கதை.

1984-ன் குடும்ப நல நீதிமன்றச் சட்டம் அந்தக் குறையைப் பார்த்தது. முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும், அதற்கு ஆலோசகர்கள் இருக்க வேண்டும் என்றது. வழக்கறிஞர் வைத்துக்கொள்வதை உரிமையாகக் கேட்க முடியாது என்றும் சொன்னது. என்னைக் கேட்டால் உருப்படியான விதி இதுதான். வக்கீல் எழுதும் மனுவில் குற்றப் பட்டியல் இருக்கும். வாடகை, மாமியார், நைட் ஷிப்ட் பற்றியெல்லாம் தம்பதிதான் வாய் திறக்க வேண்டும். வெளியே போகாது என்ற நம்பிக்கை இருந்தால்தான் திறப்பார்கள். 2005-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கிய சமரச மையத்தில் பேசுவது ரகசியம். அங்கே சொன்னதை வழக்கில் சாட்சியமாக்க முடியாது.

அடி உதை உள்ள வீட்டில் கதை வேறு. புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அடி வாங்கியவள் என்ன பேசுவாள்? 1992 முதல் வந்த மகளிர் காவல் நிலையங்களில் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துப் புத்தி சொல்லி அனுப்புவதில் எனக்குச் சம்மதமில்லை. 2005-ன் குடும்ப வன்முறைச் சட்டம் தனித்தனியாகவும் ஆலோசனைக்கு அனுப்பலாம் என்கிறது.

2017-ல் உச்ச நீதிமன்றம் அந்த ஆறு மாதம் கட்டாயமில்லை என்றது. ஏற்கெனவே பிரிந்து வாழ்ந்த காலம், ஜீவனாம்சம், பிள்ளைகள் பற்றிய உடன்பாடு இவற்றோடு, சமரச முயற்சிகள் எல்லாம் தோற்றுவிட்டனவா என்பதையும் பார்த்த பிறகே நீதிபதி அதைத் தள்ளுபடி செய்யலாம்.