நைரூஸும் அவுருதும்: ஒரு தட்டுப் பலகாரத்தின் பின்னால்

எங்கள் வளவுக்கும் பக்கத்து வளவுக்கும் இடையில் முள்முருக்கு வேலி ஒன்று இருக்கிறது. அதில் மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. மரம் அவர்களுடையது, கொடி நம்முடையது என்று வாப்பா சொல்வார். அந்த வீட்டுச் சீயா அதை மாற்றிச் சொல்வார். மிளகு பறிக்கும்போது மட்டும் வழக்கு வராது; பாதிக்குப் பாதி.

ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 14ஆம் திகதியளவில் அந்த வேலிக் கடப்பால் வாழையிலை மூடிய தட்டொன்று வரும். கெவும், கொக்கிஸ், அலுவா, ஒரு சீப்பு வாழைப்பழம். நோன்புப் பெருநாளைக்கு அதே தட்டு வட்டிலப்பத்தோடு திரும்பிப் போகும். மாத்தளை மாவட்டத்தில் சிங்களக் கிராமங்களோடு ஒட்டி வாழும் முஸ்லிம் வீடுகளில் இது புதினமான விஷயமல்ல. உக்குவெலையிலும் வரக்காமுறையிலும் கலேவெலையிலும் இதை வாசிப்பவர்கள், இதற்கு ஒரு கட்டுரையா என்று சிரிக்கவும் கூடும்.

சில வருடங்களுக்கு முன் அந்தத் தட்டை என் இளைய மகள் தொடவில்லை. அப்போது அவளுக்கு ஒன்பது வயது.

"இது திங்கலாமா வாப்பா? மத்தவங்கட பெருநாள்ச் சாமான் கூடாதுண்டு மத்ரஸாவுல சொன்னாங்க."

நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அவள் விடவில்லை. "அப்ப நம்மட வருசம் எப்ப புறக்குது?"

"முஹர்ரம்ல."

"அண்டைக்கு நாம ஒண்டும் செய்றல்லயே?"

ஆசிரியர் கலாசாலையில் இரண்டு வருடம் படித்து, அதன் பின் இருபது வருடமாகப் பிள்ளைகளுக்கு வரலாறு படிப்பிக்கும் எனக்கு இந்தக் கேள்விக்கு ஒழுங்கான விடை இருக்கவில்லை. அதைத் தேடிப் போனபோது சேர்ந்த குறிப்புகளே இவை.

முதலில் சூரியனைப் பார்ப்போம். மார்ச் 20 அல்லது 21ஆம் திகதி சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வருகிறது. உலகம் முழுவதும் இரவும் பகலும் ஏறக்குறையச் சமனாகின்றன. கடுங்குளிர் நாடுகளில் இது பெரிய செய்தி. பனி உருகும், விதைப்பு தொடங்கும். ஆகவே ஆதிகால மக்கள் அந்நாளைக் கொண்டாடினார்கள். ஐரோப்பாவில் கிறிஸ்தவத்துக்கு முந்திய வழிபாட்டை மீண்டும் கைக்கொள்ளும் சில குடும்பங்கள் இன்றும் பிள்ளைகளோடு வீட்டில் முட்டைக்கு வர்ணம் தீட்டி, சட்டியில் விதை போட்டு இந்நாளை அனுஷ்டிக்கின்றன. கிறிஸ்தவர்களின் உயிர்த்த ஞாயிறும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. மார்ச் 21ஐ ஒட்டி வரும் பூரணைக்கு அடுத்த ஞாயிறு அது. பாரசீகர் இந்நாளுக்கு வைத்த பெயர் நவ்ரூஸ், அதாவது புதுநாள். அறபியில் அது நைரூஸ் ஆயிற்று.

நமது சித்திரைப் புத்தாண்டும் அடிப்படையில் இதே நாள்தான் என்று அறிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. சூரியன் மேட ராசியில் புகும் நேரமே வருடப் பிறப்பு. ஏறத்தாழ 1500 வருடங்களுக்கு முன்னர் இந்த மேடப் பிறப்பும் இராப்பகல் சமநாளும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. பூமியின் அச்சு பம்பரம் போல மிக மெதுவாகச் சாய்ந்து சுழல்வதால், நட்சத்திரங்களை வைத்து எண்ணும் வருடம் அறுபது எழுபது வருடங்களுக்கு ஒரு நாள் வீதம் பின்னுக்குப் போகிறது. இப்போது இடைவெளி 24 நாட்கள்.

இந்த நகர்வுக்கு நம் மலைநாட்டிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியான தன் நூலில், இந்நாட்டவரின் வருடம் பெரும்பாலும் மார்ச் 28ஆம் திகதி பிறக்கிறது என்று எழுதியிருக்கிறார். சில வருடங்களில் 27, அபூர்வமாக 29. அன்றைய ஆங்கிலேயர் 1582ஆம் வருடத்துக் கலண்டர்த் திருத்தத்தை இன்னும் ஏற்றிருக்கவில்லை. எனவே பத்து நாள் கூட்டினால் ஏப்ரல் 7 வரும். அதாவது அவர் காலத்திலிருந்து நம் காலத்துக்குள் அவுருது ஒரு வாரம் நகர்ந்திருக்கிறது. வகுப்பில் இதைச் சொன்னபோது பின் வாங்குப் பையன் ஒருவன், "அப்ப பொறவு ஒரு காலத்துல அவுருது மே மாசம் வருமா சேர்?" என்று கேட்டான். வரும். நான் இருபது வருடம் படிப்பித்ததில் கேட்ட நல்ல கேள்விகளில் அது ஒன்று.

நொக்ஸ் இன்னொன்றும் சொல்கிறார். குடிகள் வருடத்தில் மூன்று முறை அரசனுக்கு இறை கொண்டுபோக வேண்டும்; அதில் முதலாவது தவணை புதுவருடம். பெரும்போக அறுவடை முடிந்து நெல் வீடு சேரும் காலம் அது. பண்டிகைக்குப் பின்னால் களஞ்சியமும் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொண்டு பக்தாதுக்குப் போவோம்.

நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது அங்குள்ளோர் இரண்டு நாட்களில் விளையாடி மகிழ்ந்து கொண்டிருந்தார்கள். அவற்றுக்குப் பதிலாக அவற்றிலும் சிறந்த இரண்டு பெருநாள்களை அல்லாஹ் தந்திருக்கிறான் என்று நபியவர்கள் அறிவித்த செய்தி, அனஸ் (ரலி) வாயிலாக அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. அந்த இரண்டும் நைரூஸும் மிஹ்ரஜானும்தான் என்பது பிற்கால விரிவுரையாளர்களின் விளக்கம். நமது உலமாக்களின் எச்சரிக்கைக்கு இது ஆதாரம். அதை நான் இலேசாக எடுக்கவில்லை. என் வீட்டில் சுபநேரம் பார்த்து அடுப்பு மூட்டுவதுமில்லை, தலைக்கு எண்ணெய் வைப்பதுமில்லை.

ஆனால் இன்னொரு செய்தியும் இருக்கிறது. இமாம் அபூஹனீபாவின் பாட்டனார் ஒரு நைரூஸ் தினத்தன்று அலீ (ரலி) அவர்களுக்குப் பாலூதஜ் என்ற இனிப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம். நமக்கு ஒவ்வொரு நாளும் நைரூஸ்தான் என்ற கருத்தில் அலீ (ரலி) பதில் சொன்னதாகக் கதீப் அல்பக்தாதி தமது பக்தாத் வரலாற்றில் எழுதுகிறார். அந்தப் பதிலில் ஒரு மெல்லிய மறுப்பும் ஒரு புன்னகையும் சேர்ந்தே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தட்டு திருப்பி அனுப்பப்பட்டதாக அந்தக் கதையில் இல்லை.

கிலாபத்துக்கு நைரூஸ் தேவைப்பட்டதற்குக் காரணம் கொண்டாட்டம் அல்ல, கராஜ் என்னும் நிலவரி. ஹிஜ்ரி வருடம் சூரிய வருடத்திலும் 11 நாள் குறைந்தது. ரமழான் மழையிலும் வரும், வெயிலிலும் வரும். இபாதத்துக்கு அது அழகு, வயலுக்கு ஒத்துவராது. கோதுமை பிறை பார்த்து முற்றுவதில்லை. ஆகவே வரிக்குப் பாரசீகரின் சூரிய வருடத்தைக் கலீஃபாக்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்த வருடத்திலும் ஒரு கோளாறு இருந்தது. அதில் 365 நாள் மட்டுமே; கால் நாளுக்குக் கணக்கில்லை. நான்கு வருடத்துக்கு ஒரு நாள் நைரூஸ் முன்னுக்கு வந்துகொண்டே இருந்தது. அப்பாஸிய கலீஃபா அல்முஃததிதின் காலத்தில் அது ஏப்ரல் 11க்கு வந்துவிட்டது. பயிர் பச்சையாக நிற்கும்போதே வரி கேட்டால் குடியானவன் என்ன செய்வான்? கடன் வாங்குவான். எனவே கி.பி. 895இல் கலீஃபா வரி நைரூஸை ஜூன் 11க்குத் தள்ளிவைத்தார். ஒரு பண்டிகை நாள் விவசாயியின் வயிற்றுக்காக இரண்டு மாதம் ஒத்திவைக்கப்பட்ட சம்பவம் வரலாற்றில் அதிகம் இராது.

1079இல் செல்ஜூக் சுல்தான் மலிக்ஷாவின் ஆணைப்படி வானியல் அறிஞர் குழுவொன்று நவ்ரூஸை மீண்டும் இராப்பகல் சமநாளில் நிறுத்தியது. அக்குழுவில் ஒமர் கையாமும் இருந்தார். நமது இலக்கிய வட்டங்களில் கையாம் என்றால் மதுக் கிண்ணம் மட்டுமே நினைவுக்கு வருகிறது. மனிதர் நல்ல கணக்காளர்!

இந்தியாவில் அக்பர் 1584இல் நவ்ரூஸிலிருந்து தொடங்கும் இலாஹி வருடத்தைக் கொண்டுவந்தார். அவ்ரங்கசீப் 1659இல் அரசவையின் நவ்ரூஸ் விழாவை நிறுத்தினார். விழா நின்றது, வயற்கணக்கு நிற்கவில்லை. தமிழ்நாட்டு நிலப் பதிவுகளில் வரும் 'பசலி' ஆண்டு ஹிஜ்ரி எண்ணைச் சூரிய வருடமாக்கிய அதே மொகலாயக் கணக்கின் மிச்சம்தான். பசல் என்றால் விளைச்சல்.

மகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி கடலில்தான் கிடைத்தது. நம் மூதாதையரில் பலர் பருவக்காற்றில் பாய்விரித்து வந்தவர்கள் என்று மேடைக்கு மேடை சொல்கிறோம். காற்று எப்போது திரும்பும் என்று அவர்கள் எப்படிக் கணித்தார்கள்? ஸபரில் புறப்படு, ரஜபில் திரும்பு என்று எழுதிவைக்க முடியாது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் அந்த மாதங்கள் வேறு பருவத்துக்குப் போய்விடும். மாலுமிகளுக்கு வழிகாட்டிய இப்னு மாஜித், ஹிஜ்ரி 895ஐ ஒட்டி, அதாவது 1489-90இல் முடித்த கடல் நூலில் பயணத் திகதிகளை நைரூஸிலிருந்து எத்தனையாவது நாள் என்றே குறிக்கிறார். அந்த மாலுமி நைரூஸும் கால் நாள் சேர்க்காத பழைய கணக்குத்தான். அவர் காலத்தில் அது நவம்பர் நடுப்பகுதிக்கு வந்திருந்தது. பெயரில் மட்டுமே அது வசந்தம். ஆனாலும் தொழுகைக்குப் பிறை, பாய்க்கு நைரூஸ் என்று இரண்டு கணக்கையும் அவர்கள் ஒரே தலைக்குள் வைத்திருந்தார்கள். ஒன்றால் மற்றது கெட்டுவிடும் என்று பயந்ததாகத் தெரியவில்லை.

இந்தப் பயம் நமக்கு எப்போது வந்தது? மார்க்கத்தால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை. 2018 மார்ச்சில் திகனையில் கடைகளும் வீடுகளும் எரிந்தன. அந்தப் புகை எங்கள் ஊருக்கு வரவில்லை, பயம் வந்தது. அந்த ஏப்ரலில் தட்டு வருமா என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. வந்தது. 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு வந்த நோன்பில் தயங்கியவர்கள் நாங்கள். கஞ்சி வாளியைப் பிடித்துக்கொண்டு கடப்படியில் நின்ற என் மனைவி, "எடுப்பாங்களா?" என்று கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. எடுத்தார்கள். ஆனால் அன்று இரு பக்கமும் பேச்சுக் குறைவாக இருந்தது.

என் மூத்தம்மா காலத்தில் இந்தத் தயக்கம் இருக்கவில்லை. அவுருதின் நோனகதே நேரத்தில், அதாவது சூரியன் ராசி மாறும் அந்தப் பதின்மூன்று மணித்தியாலத்துக்குக் குறைந்த பொழுதில், அவர்கள் அடுப்பு மூட்டுவதில்லை, சமைப்பதில்லை. பெரியவர்கள் பொறுப்பார்கள். பிள்ளைகள் பொறுப்பார்களா? எங்கள் குசினிக்கு வருவார்கள். மூத்தம்மா பின் கதவைச் சாத்திக்கொண்டு ரொட்டி சுட்டுக் கொடுப்பா. அவர்களின் உம்மாமாருக்கு இது தெரியும். தெரியாதது போல் இருப்பார்கள்.

சரி, மகளின் கேள்விக்கு வருவோம். கொண்டாட்டம் வேண்டாம், சூரியனைப் பார்ப்போம் என்று முடிவெடுத்தேன். மார்ச் 21இலிருந்து முற்றத்தில் இரண்டடிக் கம்பொன்றை நேராக நட்டோம். நண்பகல் நிழல் எவ்வளவு என்று மகளும் நானாவும் அளந்து எழுதினார்கள். மாத்தளை பூமத்திய ரேகைக்கு ஏழரைப் பாகை வடக்கே இருக்கிறது. அந்தத் தூரத்தை வடக்கே ஏறி வரச் சூரியனுக்கு ஏறத்தாழ 19 நாள் பிடிக்கும். ஏப்ரல் 5 தொடக்கம் 15 வரை இலங்கையின் ஒவ்வொரு ஊருக்கும் மேலாகச் சூரியன் உச்சம் கொடுக்கிறது என்று வருடா வருடம் வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறதே, அதுதான். எங்களுக்கு அது ஏப்ரல் 8 அல்லது 9. சமநாளுக்கும் அவுருதுக்கும் நடுவில் நமக்கே உரிய ஒரு நாள்.

நிழல் நாளுக்கு நாள் குறுகியது. ஏப்ரல் 8, பகல் 12 மணி 9 நிமிடமளவில் கம்புக்கு நிழலே இல்லை. பக்கத்து வீட்டுப் பொடியன் கடப்பால் எட்டிப் பார்த்து, "இர முதுனே!" என்று சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். மூன்று பேரும் தங்கள் நிழலைத் தேடிச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். பாதத்துக்குக் கீழேதான் இருந்தது.

லுஹர் ஏன் அந்த உச்சம் சாய்ந்த பிறகு வருகிறது என்று மகளுக்கு அன்று விளங்கியது. உச்சி நிழல் போக, ஒரு பொருளின் நிழல் அதன் நீளம் அளவு வந்தால் அஸர் என்று நமது ஷாஃபிஈ மத்ஹபில் படிக்கிறோம். மற்ற நாட்களில் உச்சி நிழலைக் கழித்துப் பார்க்க வேண்டும். அன்று கழிக்க ஒன்றுமில்லை. 3 மணி 10 நிமிடமளவில் இரண்டடிக் கம்பின் நிழல் சரியாக இரண்டடி. பாங்குக்கு முன்னமே அவள் உள்ளே ஓடி உம்மாவிடம் நேரம் வந்துவிட்டதென்று சொன்னாள்.

அன்று அவள் கொப்பியில் திகதியை மூன்று விதமாக எழுதியிருந்தாள். பிறைக் கணக்கு ஒன்று, பாடசாலைக் கணக்கு ஒன்று, மூன்றாவது தானாக எண்ணியது: நைரூஸ் 19.

தட்டு வந்தது நைரூஸ் 25இல். கொக்கிஸ்தான் முதலில் முடிந்தது.